ஆற்றின் கழுத்து

எனக்குப் பயம் கொஞ்சம் அதிகம். இதைச் சொல்லிக்கொள்வதில் வெட்கமில்லை. கேஸ் அடுப்பைப் பற்றவைக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்வேன். டவுன் பஸ்ஸில் ஓட்டுநர் செல்போனை எடுத்தால் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவேன். திண்டுக்கல்லில், தண்ணீர் லாரிக்குக் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுக் காத்திருந்து வளர்ந்தவள் நான். தண்ணீர் வராதோ என்ற பயம் எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. தண்ணீர் வந்துவிடுமோ என்ற பயம் கல்யாணத்துக்குப் பிறகுதான்.

வாக்கப்பட்டது குடகனாற்றங்கரையில். கரையில் என்று சொல்வதுகூடச் சரியில்லை, ஆற்றின் மடியில் என்றுதான் சொல்ல வேண்டும். தெற்கிலிருந்து வருகிற ஆறு எங்கள் தோட்டத்தைக் கண்டதும் மேற்கே திரும்பி, பெரிதாக ஒரு வட்டம் போட்டு, திரும்பிய இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்று, அப்புறம்தான் வடக்கே போகும். அந்த வட்டத்துக்குள் எங்கள் வீடு, கிணறு, மல்லிகைத் தோட்டம், கொஞ்சம் தென்னை. மூன்று பக்கமும் ஆறு. கிழக்கே மட்டும் ஒடுக்கமான ஒரு நிலம் எங்களை ஊரோடு சேர்த்துவைத்திருந்தது. அதற்குக் கழுத்து என்று பெயர்.

கல்யாணமான புதிதில் எனக்கு இது தெரியாது. ஒருநாள் என் கணவரின் அண்ணன், சோற்றைப் பிசைந்துகொண்டே தம்பியிடம், "இந்த வருசம் கழுத்து அறுந்துரும் போலடா" என்றார். கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். "யாரு கழுத்து மாமா?" என்று கேட்டது என் குரல் மாதிரியே இல்லை. இரண்டு பேரும் புரையேறச் சிரித்தார்கள். "உன் கழுத்து இல்லத்தா, பயப்படாத. ஆத்துக் கழுத்து" என்றார் அவர். ஊர் முழுக்க இந்தக் கதை போய், என்னைக் கண்டால் பெண்கள் கழுத்தைத் தடவிக் காட்டுவார்கள். நானும் சிரித்துவைப்பேன். ஆனால் அறுந்துவிடும் என்று அவர் சொன்ன விஷயம் நிஜம்தானே, அதற்கு ஏன் யாரும் பயப்படவில்லை என்று மட்டும் எனக்குப் புரியவில்லை.

வருஷத்தில் பாதி நாளுக்குமேல் அது ஆறே இல்லை. மணலும் சீமைக்கருவேலமும்தான். ஆடு மேய்க்கிறவர்கள் நடுவில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் சிறுமலையிலும் மேற்கு மலையிலும் சேர்ந்து மழை பிடித்தால் செம்மண் நிறத்தில் ஒன்று வரும். வளைவில் வெளிப்பக்கக் கரையை அது கடிக்கும், உள்பக்கம் மணலைத் துப்பும். என் கணவர் மணலில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். கழுத்தைத் தெற்கேயிருந்து ஒரு பக்கமும் வடக்கேயிருந்து ஒரு பக்கமும் அது கடித்துக்கொண்டிருந்தது. வருஷா வருஷம் கொஞ்சம் மண் சரியும். ஒரு பனை விழும். நடுவில் மட்டும் ஆள் உயரத்துக்கு ஒரு மேடு, அதில் வரிசையாகப் பனைகள். அந்த மேடுதான் இரண்டு பக்கத்துத் தண்ணீரையும் ஒன்று சேரவிடாமல் வைத்திருந்தது.

சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு அத்தாட்சி பக்கத்திலேயே இருந்தது. ஊருக்கு வடக்கே லாடம் மாதிரி வளைந்த ஒரு கம்மாய். எங்கள் பக்கத்துக் கம்மாய்க்கெல்லாம் கரை உண்டு, மடை உண்டு, மிச்சத் தண்ணீர் போகக் கலுங்கு உண்டு. இதற்கு ஒன்றும் கிடையாது. எவனோ ஒப்பந்தக்காரன் பாதியில் விட்டுவிட்டு ஓடிப்போன வேலை என்று நான் நினைத்திருந்தேன்.

"யாரும் வெட்டல. ஆறு விட்டுட்டுப் போனது" என்றார் என் கணவர்.

முன்னொரு காலத்தில் அதுவும் எங்கள் வளைவு மாதிரி ஒரு வளைவாம். கழுத்து இளைத்து இளைத்து, ஒரு வெள்ளத்தில் அறுந்துபோனது. நேர்வழி கிடைத்த பிறகு ஆறு எதற்குச் சுற்றிப் போகப்போகிறது? வளைவில் ஓட்டம் நின்றது. நின்ற தண்ணீரின் இரண்டு வாயிலும் ஆறே மணலைக் கொட்டி அடைத்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட தண்ணீர்தான் கம்மாய். பெரிய ஆறுகளின் ஓரத்தில் ஏரிகள் இப்படித்தான் பிறக்கும் என்று என் மகளின் பாடப் புத்தகத்திலும் படம் போட்டிருக்கிறார்கள். குதிரைக் குளம்பு ஏரி என்று பெயர். படத்தில் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த வட்டத்துக்குள் யாரும் ஒரு வீட்டை வரையவில்லை.

"வளைவுக்குள்ள குடியிருந்தவுக என்ன ஆனாக?" என்று கேட்டேன்.

"அது யாருக்குத் தெரியும்" என்றார்.

பள்ளிக்கூடம் நல்லா இருக்கும் என்று சாக்குச் சொல்லி மகளைத் திண்டுக்கல்லில் என் அம்மா வீட்டில் விட்டது அந்த வருஷம்தான்.

நான் ஆற்றைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தபோது ஆபத்து வேறு பக்கமாக வந்தது. கவனிக்காத ரத்தக் கொதிப்பு என் கணவரின் சிறுநீரகம் இரண்டையும் கெடுத்துவிட்டது. வாரத்துக்கு இரண்டு முறை திண்டுக்கல்லுக்குப் போய் டயாலிசிஸ். இடது கையில் ரத்தக்குழாயைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். அங்கே காதை வைத்தால் வண்டு ரீங்கரிக்கிற மாதிரி சத்தம் கேட்கும். அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, யாரும் பிடித்து இழுக்கக் கூடாது, ஊசி போடக் கூடாது. அந்தச் சத்தம் நின்றால் வழி அடைத்துவிட்டது என்று அர்த்தம். தினமும் காலையில் காதை வைத்துக் கேட்ட பிறகுதான் நான் வாசல் தெளிப்பேன்.

குடிக்கிற தண்ணீர் வெளியே போக வழி கிடையாது. உடம்பிலேயே தங்கும். காலில் தங்கும், முகத்தில் தங்கும், கடைசியில் நெஞ்சுக்குள் ஏறும். அதனால் அவருக்கு நாள் முழுவதுக்கும் சின்னச் சொம்பில் அளவு. வெயில் நாளில் வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு என்னைப் பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து நான் அவர் முன்னால் தண்ணீரே குடிக்க மாட்டேன்.

ஆட்டோ மேட்டுக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும். டயாலிசிஸ் முடிந்து வருகிற மனுஷன் துவைத்துப் பிழிந்த துணி. அந்த மேட்டில் ஏறி இறங்கித்தான் வீட்டுக்கு வர வேண்டும். ஒருநாள் உச்சி வெயிலில் ஏறியவர் அப்படியே மடங்கி விழுந்தார். நான் கத்தின கத்தலில் ஊரிலிருந்து மாமா ஓடி வந்து, தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினார். வீட்டில் படுக்கவைத்த பிறகும் மாமா தம்பியின் பக்கத்தை விட்டு நகரவில்லை. என் மாமனார் இறந்தபோது என் கணவர் கைக்குழந்தை. தூக்கி வளர்த்தவர் அண்ணன்தான்.

மறுநாள் ஜேசிபி வந்து நின்றது.

"மாமா, மேடு கெடக்கட்டும். அதுதானே தண்ணிய மறிச்சு நிக்குது" என்றேன்.

"ஏத்தா, எப்பயோ வரப்போற தண்ணிக்குப் பயந்து எந்தம்பி தெனம் சாகணுமா?"

பனைகள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. மேடு தரையோடு தரையானது. சாயங்காலம் ஆட்டோ எங்கள் வாசலுக்கே வந்து ஹாரன் அடித்தது. நிஜத்தைச் சொன்னால், எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. பூ மூட்டையை ஏற்றவும் வண்டி வீட்டுக்கே வந்தது. சந்தோஷமும் பயமும் ஒன்றாக இருக்க முடியாது என்று எவன் சொன்னான்? எனக்கு இருந்தது.

அடுத்து வந்த கார்த்திகையில் மழை விடாமல் பிடித்தது. ரோட்டில் தண்ணீர் நின்றதால் ஒரு முறை டயாலிசிஸ் தப்பிப்போனது. அடுத்த முறைக்குள் அவர் கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. படுத்தால் மூச்சு முட்டியது. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தார். விடிந்ததும் போய்விட வேண்டும் என்று ஆட்டோக்காரருக்குச் சொல்லியிருந்தோம். கூலியாட்கள் வராததால் கைக்கு எட்டிய அளவு மொக்கைப் பறித்துக் கூடையில் போட்டுவைத்துவிட்டு, ஆட்டோ வருகிறதா என்று பார்க்கக் கழுத்துப் பக்கம் போனேன்.

மேட்டை வெட்டிப் போட்ட ரோட்டின்மேல் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. ஆழமெல்லாம் இல்லை, கால் நனைகிற அளவுதான். சொம்பைக் கவிழ்த்தால் திண்ணென்ற தரையில் பரவுமே, அப்படிப் பரவி, தெற்கேயிருந்து வடக்கே போனது. எதிரே ஆட்டோ வந்து நின்றது. ஆட்டோக்காரர், "செத்த நேரம் பொறுங்கக்கா, வடிஞ்சிரும்" என்று கத்தினார். அவர் சொல்லி வாய் மூடவில்லை, வடக்கு ஓரத்தில் ஒரு துண்டு மண் பொதுக்கென்று விழுந்தது. அதற்குப் பின்னால் இன்னொரு துண்டு. பள்ளம் எங்களைப் பார்த்து நடந்து வருகிற மாதிரி வந்தது. ரோட்டை எட்டியதும் ரோடு காணாமல் போனது. ஆட்டோ பின்னால் போய்க்கொண்டே இருந்தது. நான் இந்தப் பக்கம் பின்னால் போய்க்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரத்தில் நடுவில் முழு ஆறு, மரமும் மண்ணுமாக, காது அடைக்கிற சத்தத்தோடு ஓடியது. எதிர்க்கரையில் மாமா வந்து தலையில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தது தெரிந்தது.

கழுத்து அறுந்துவிட்டது. நாங்கள் தீவில் நின்றோம்.

வீட்டுக்கு ஓடினேன். அவருக்கு உதடு கறுத்திருந்தது. "சத்தம் கேட்டுச்சு. அறுந்துருச்சா?" என்று மட்டும் கேட்டார். ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் மூச்சு வாங்கியது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் போட்டேன். வண்டி வேறு ஊரில் வெள்ளத்தில் நிற்கிறது, வந்துவிடும் என்றார்கள். எப்போது என்று அவர்களாலும் சொல்ல முடியவில்லை. மாமா போனில், "தண்ணி வடியட்டும்த்தா, நான் நீந்தியாவது வாரேன்" என்று அழுதார். தண்ணீர் வடிகிற வரைக்கும் இந்த நெஞ்சு தாங்காது என்று எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்துப் பயத்தை எப்படிச் சொல்ல? மூத்திரம் முட்டி, வாயில் எச்சில் இல்லாமல், ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு நடந்துகொண்டே இருந்தேன்.

பிறகு கோபம் வந்தது. எனக்குப் பயம் முற்றினால் கோபமாகத்தான் வரும். பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால், மேற்கே, ஆற்றோரம் போனேன். "இந்தா தின்னு! தோட்டத்தத் தின்ன, ரோட்டத் தின்ன, இதையும் தின்னுத் தொலை!" என்று வாய்க்கு வந்ததெல்லாம் திட்டி, மொக்கையெல்லாம் ஆற்றில் கொட்டினேன். கூடையையும் எறிந்தேன். கொட்டிவிட்டுக் கரையில் உட்கார்ந்து அழுதேன்.

அழுது முடித்துப் பார்த்தால் பூ அங்கேயே கிடந்தது.

வெள்ள நாளில் அங்கே ஒரு தென்னமட்டையைப் போட்டால் கண் சிமிட்டுவதற்குள் வளைவைத் தாண்டிவிடும். வருஷக்கணக்காகப் பயந்து பயந்து பார்த்த இடம், எனக்குத் தெரியாதா? இப்போது வெள்ளை மொக்குகள் கொட்டிய இடத்திலேயே மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தன. கூடை அசைந்தாடி நின்றது. கரையில் பார்த்தேன், ஈரத்தடம் மேலே இருந்தது, தண்ணீர் இறங்கியிருந்தது. ஒரு மட்டையை வீசிப் பார்த்தேன். அதுவும் போகவில்லை. ஆறு நேர்வழியில் போய்விட்டது. இங்கே அதற்கு வேலையில்லை.

போனை எடுத்தேன். "மாமா, பாலத்து வழியாச் சுத்திக்கிட்டு ஆத்துக்கு மேற்குக் கரைக்கு வாங்க. லாரி டியூப்பு கொண்டாங்க, கயிறு கொண்டாங்க."

"கிறுக்கா பிடிச்சிருக்கு ஒனக்கு? பின்னாடி ஆறு முழுசா ஓடும், அம்புட்டுப் பேரும் செத்துப்போவோம்!"

"அங்கிட்டு ஆறு இல்ல மாமா. தண்ணிதான் நிக்கிது. வந்து பாருங்க."

வந்து பார்த்தார். ஆட்டோவின் மேலே இரண்டு டியூப்புகள். எதிர்க்கரையில் நின்று தண்ணீரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கயிற்றின் ஒரு நுனியை ஆட்டோக்காரர் கையில் கொடுத்துவிட்டு, மறு நுனியை இடுப்பில் கட்டிக்கொண்டு டியூப்புகளோடு இறங்கினார். நீந்தி இந்தப் பக்கம் ஏறியதும் கயிற்றுக் கட்டிலை டியூப்புகளின் மேல் வைத்துக் கட்டினார். படுத்தால் மூச்சு நிற்கும் என்பதால் என் கணவரைத் தலையணைகளை முட்டுக் கொடுத்து உட்காரவைத்தோம். ஏற்றும்போது மாமா இடது கையைப் பிடிக்கப் போனார். "அந்தக் கைய விடுங்க!" என்று நான் போட்ட கூச்சலில் அவரே பயந்துவிட்டார்.

அந்தக் கை நனையாமல், இடிபடாமல் யாராவது தூக்கிப் பிடிக்க வேண்டும். யார் இருக்கிறார்கள்? நீச்சல் தெரியாத நான் ஒருத்திதான். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். ஒரு கையில் டியூப், ஒரு கையில் அவர் கை. மூன்றாவது எட்டில் கால் தரையை விட்டது. கீழே எவ்வளவு ஆழம் என்று தெரியாது. காலை எதுவோ உரசிக்கொண்டு போனது. பக்கத்தில் மிதந்த வைக்கோல் பிடியில் ஒரு பாம்பு தலையைத் தூக்கிக்கொண்டிருந்தது. அதற்கும் என்னளவு பயம் இருந்திருக்க வேண்டும், அசையவில்லை. கிழக்கே அந்தப் பேரிரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது. எனக்கு ஒரே ஒரு நினைப்புதான்: ஆறு மனசு மாறி இந்தப் பக்கம் திரும்பிவிட்டால்?

நடு ஆற்றில் என் கணவர் வலது கையைத் தண்ணீரில் விட்டு ஒரு கை அள்ளினார். வாய்க்குக் கொண்டுபோனார்.

"குடிக்காதீங்க! சேறு அது! ஒங்களுக்கு அளவிருக்கு!" என்று கத்தினேன். என் வாயில் தண்ணீர் போய்விட்டது. மாமா திரும்பிப் பார்த்தார். என் கணவர் உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு, "குளுந்து கெடக்குடி" என்றார். அந்தப் பயத்தின் நடுவிலும் அவரை அறையலாம் போல் இருந்தது.

மாடு தண்ணீருக்கு இறங்குகிற சரிவில் ஆட்டோக்காரர் எங்களை இழுத்து ஏற்றினார். திண்டுக்கல் போகிறவரை என் கணவரின் மூச்சை எண்ணிக்கொண்டே போனேன். மெஷினில் போட்டு, உடம்பிலிருந்த தண்ணீர் இறங்க இறங்க, உதட்டில் நிறம் திரும்பியது. காதை வைத்துக் கேட்டேன். கையில் வண்டு ரீங்கரித்தது. அப்புறம்தான் நான் நனைந்த சேலையோடு நிற்பதே எனக்குத் தெரிந்தது.

அதன்பிறகு நாங்கள் தோட்டத்து வீட்டுக்குத் திரும்பவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு வீடு பார்த்து, மகளோடு இருக்கிறோம். வளைவின் இரண்டு வாயிலும் ஆறு மணலைக் கொட்டிவிட்டது. உள்ளே பச்சையாகத் தண்ணீர் நிற்கிறது. கொக்கு வருகிறதாம், விரால் கிடைக்கிறதாம். ஊர்க்காரர்கள் அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், வெட்டுக் கம்மாய் என்று. அண்ணன்காரன் மேட்டை வெட்டியதால் வந்த கம்மாய் அல்லவா? குளம் வெட்டுவது புண்ணியம் என்பார்கள். அந்தப் புண்ணியவானைக் கண்டால் டீக்கடையில், "என்னப்பா, ஒங் கம்மாய்ல மீன் பிடிச்சுக்கலாமா?" என்று கேட்பார்களாம். விளையாட்டுக்குத்தான் கேட்கிறார்கள். மாமா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் தேங்காயை வைத்துவிட்டு நின்றபடியே கிளம்பிவிடுவார். ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தம்பியின் முகத்தைப் பார்த்துப் பேசுவதுமில்லை. ஆள் பாதியாக இளைத்துவிட்டார். மாமாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று எனக்கு அது ஒரு பயம் சேர்ந்துகொண்டது.

போன வாரம் வந்தபோது நான் வாசலை மறித்து நின்றேன். மனசுக்குள் கட்டிவைத்திருந்ததைச் சொன்னேன். "மாமா, நீங்க மேட்ட வெட்டலேன்னா அன்னைக்கி ஆறு பின்னாடிதானே ஓடியிருக்கும்? தண்ணி நின்னதாலதானே இவுகளக் கடத்திக் கொண்டாந்தோம்?"

அவர் என்னைப் பார்த்தார். "மேடு இருந்திருந்தா எதுக்குத்தா கடக்கணும்?" என்றார்.

அது எனக்கும் தெரிந்ததுதான். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தவர் திரும்பி உட்கார்ந்தார்.

"மேடு இருந்திருந்தா, நான் அதுல ஏறையிலயே என்னைக்கோ விழுந்து செத்திருப்பேன்ணே. நீ வெட்டுன ரோட்டாலதான் கார்த்திகை வரைக்கும் உசுரோட இருந்தேன்" என்றார். பிறகு என்னிடம், "அண்ணனுக்குச் சோத்தப் போடு" என்றார்.

மாமா தரையில் உட்கார்ந்தார். தட்டை வைத்தேன். முதல் உருண்டையை உருட்டிக் கையிலேயே வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தார். பிறகு சாப்பிட்டார்.